வீடும் மருத்துவமனையும்: சென்னைக் காசநோய் ஆய்வு திருச்சபைக்குக் கற்பிப்பது

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் என்னும் பகுதி ஒன்றுண்டு. அங்குள்ள சிவன் கோயிலில் இறைவனுக்கு வைத்தியநாதர் என்பது பெயர். பேறுகால வேதனையிலிருந்த பெண்ணுக்கு இறைவன் தாய் வடிவில் வந்து உதவினார் என்றும், மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர் தம்மை வாட்டிய வயிற்று நோய் நீங்கப் பெற்று இக்கோயிலுக்குத் திருப்பணிகள் செய்தார் என்றும் தல மரபு கூறுகிறது. இறைவனை மருத்துவராகக் காணும் இவ்வுணர்வு நமக்கு அந்நியமானதன்று. நம் ஆலயங்களிலும் ஞாயிறுதோறும் நோயாளருக்காக மன்றாடுகிறோம். சுகமடைந்தோர் சாட்சி கூறுகின்றனர். ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கின்றனர்.

சுகமடைந்தவர் காணிக்கையோடு திரும்பி வருகிறார். சுகமடையாதவர் திரும்பி வருவதில்லை. ஆதலின் சாட்சிகளை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு, நூறு பேர் நாடிச் சென்றதில் எத்தனை பேர் நலம் பெற்றனர் என்பது தெரியாது. இக்குறை கோயிலுக்கும் ஆலயத்திற்கும் மட்டும் உரியதன்று. மருத்துவமனைக்கும் உரியதே. தம்மிடம் வந்து நலமடைந்த நோயாளரையே நினைவிற்கொண்டு தம் சிகிச்சை சிறந்ததென நம்பிய மருத்துவர்கள் எக்காலத்திலும் இருந்துள்ளனர். திரும்பி வராதவரையும் தேடிச் சென்று எண்ணும் ஒழுங்குமுறை மருத்துவத்தில் வேரூன்றியது அண்மைக் காலத்திலேதான். அவ்வொழுங்கு உலகிற்கே பயன்படும் வகையில் செயற்பட்ட இடங்களுள் ஒன்று நமது சென்னை மாநகர். அவ்வரலாற்றையும், அது திருச்சபையின் குணமளிக்கும் பணிக்கு எழுப்பும் வினாக்களையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

1. ஒப்பிட்டு அறியும் முறை

வேதாகமத்தை வாசிப்போருக்கு ஒப்பிட்டு அறிதல் புதிதன்று. லேவியராகமம் 13ஆம் அதிகாரத்தில், தோலில் தடிப்போ வெண்படையோ கண்டவனை ஆசாரியன் உடனே தீட்டுள்ளவன் எனத் தீர்த்துவிடுவதில்லை. ஐயமிருப்பின் ஏழு நாள் அடைத்துவைத்து மீண்டும் பார்க்கிறான். தேவையானால் இன்னும் ஏழு நாள் காத்திருக்கிறான். தானியேலின் நூலிலோ ஒரு சோதனையே விவரிக்கப்படுகிறது. நான்கு எபிரெய வாலிபர் பத்து நாள் மரக்கறி உணவும் தண்ணீரும் உட்கொள்கின்றனர்; முடிவில் அவர்களது தோற்றம் அரச உணவை உண்ட மற்ற வாலிபரின் தோற்றத்தோடு ஒப்பிடப்படுகிறது. மருத்துவ ஆய்வின் வரலாற்றை எழுதுவோர் சிலர் இப்பகுதியையே தம் முதல் எடுத்துக்காட்டாகக் கொள்வர். தானியேலின் ஆசிரியருக்கு ஆய்வு நோக்கமன்று, தேவனுடைய உண்மைத்தன்மையே நோக்கம் என்பதை நாம் அறிவோம். எனினும் ஒரே காலத்தில், ஒரே இடத்தில், இரு பிரிவினரை ஒப்பிட்டு நோக்குதல் என்னும் கருத்து அங்கே தெளிவாக உள்ளது.

1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் ஆங்கிலக் கப்பற்படை மருத்துவர், ஸ்கர்வி நோயுற்ற பன்னிரண்டு மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் வெவ்வேறு மருந்தளித்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் தேறினர். அவர் தம் நூலை 1753இல் வெளியிட்டார். எனினும் ஆங்கிலக் கப்பற்படை தன் மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு வழங்க ஆணையிட்டது 1795இல்தான். உண்மை கண்டறியப்படுவதற்கும் ஏற்றுக்கொள்ளப்படுவதற்கும் இடையே நாற்பதாண்டுகள் கடந்தன.

இம்முறையில் ஒரு குறை நீடித்தது. எந்த நோயாளி எப்பிரிவில் சேரவேண்டுமென மருத்துவரே தெரிவு செய்தால், அவரை அறியாமலே அவரது விருப்பம் அதில் புகுந்துவிடும். தேறக்கூடியவர் எனத் தோன்றுவோர்க்கு அவர் நம்பும் மருந்து சென்றுவிடும். இதைத் தவிர்க்கும் வழி சீட்டுப் போடுதலே. மத்தியா அப்போஸ்தலனாகச் சேர்க்கப்பட்டபோது சீஷர்கள் செய்ததும் அதுவே. மனித விருப்பம் தலையிடாதிருக்கும்படி செய்யும் பழமையான ஏற்பாடு அது. பிரித்தானிய மருத்துவ ஆய்வுக் குழுவினர் காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில், புள்ளியியலறிஞர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் வகுத்த திட்டத்தின்படி, முத்திரையிட்ட உறைகளைக் கொண்டு நோயாளரைப் பிரித்தனர். 1948இல் முடிவு வெளியாயிற்று. படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் ஆறு மாதத்திற்குள் 14 பேர் இறந்தனர். மருந்தும் பெற்ற 55 பேரில் இறந்தோர் 4 பேர். அம்மருந்து அப்போது மிக அரிதாக இருந்தமையால், சிலருக்கே அளிக்க இயலும் என்ற நிலையில் சீட்டுப் போடுதல் நீதியுமாயிற்று.

ஆனால் வரலாறு அங்கே முடியவில்லை. ஐந்தாண்டுகள் கழித்து எண்ணியபோது மருந்து பெற்ற 55 பேரில் 32 பேரும், பெறாத 52 பேரில் 35 பேரும் இறந்திருந்தனர். ஒரே மருந்தைத் தனித்துக் கொடுத்தமையால் கிருமிகள் அம்மருந்தை எதிர்க்கும் ஆற்றல் பெற்றுவிட்டன. ஆறு மாதக் கணக்கோடு நின்றிருந்தால் இது தெரிந்திராது. இரண்டு அல்லது மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்னும் இன்றைய விதி இத்துயரப் பாடத்திலிருந்து பிறந்தது.

2. சானடோரியமும் திருச்சபையும்

காசநோயைச் சயரோகம் என்றும் எலும்புருக்கி நோய் என்றும் நம் முன்னோர் அழைத்தனர். மருந்தில்லாத அக்காலத்தில் மருத்துவர் கூறிய வழி தூய காற்று, நிறைந்த உணவு, நீண்ட ஓய்வு, இவையே. இவற்றை அளிக்க ஊருக்கு வெளியே சானடோரியங்கள் எழுந்தன. தென்னிந்தியாவில் இத்தொண்டில் திருச்சபை முன்னின்றது. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனப்பள்ளிக்கு அருகே, பல மிஷன்கள் ஒன்றுகூடி ஐக்கிய மிஷன் காசநோய்ச் சானடோரியத்தை நிறுவின. டேனிய மிஷனைச் சேர்ந்த மருத்துவர் கிறிஸ்தியான் ஃப்ரிமோட் மொல்லர் அதன் முதல் தலைவர். 1915இல் அதன் கட்டடங்கள் திறக்கப்பட்டன. ஆரோக்கியவரம் என அவ்விடம் பெயர் பெற்றது. சபைப்பிரிவுகள் தனித்தனியே இயங்கிய காலத்தில், நோயாளரின் படுக்கையருகே அவை ஒன்றுபட்டன என்பது ஒருமைப்பாட்டு வரலாற்றில் மறக்கத்தகாத செய்தி. சென்னைக்கு அருகே தாம்பரத்தில் 1928இல் மருத்துவர் டேவிட் சவுரிமுத்து ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். பின்னர் அது அரசின் பொறுப்பிற்கு வந்தது. தாம்பரம் சானடோரியம் என்னும் இரயில் நிலையப் பெயரில் அக்காலத்தின் நினைவு இன்றும் நிற்கிறது.

இந்நிறுவனங்கள் ஆற்றிய தொண்டைக் குறைத்துக் கூற யாரும் துணியார். உறவினரே அஞ்சி விலகிய நோயாளரை அவை ஏற்றுக்கொண்டன. எனினும் ஓர் உண்மையை மறைத்தற்கில்லை. நாட்டில் நோயாளர் இலட்சக்கணக்கில் இருந்தனர். படுக்கைகளோ அத்தொகையில் மிகச் சிறு பங்கே. இடம் கிடைத்தவருக்கும், குடும்பத்தை விட்டு ஓராண்டு அல்லது அதற்கு மேலும் பிரிந்திருக்க நேர்ந்தது. உழைத்துச் சம்பாதிப்பவர் சானடோரியம் சென்றால் வீட்டில் அடுப்பு எரியாது. தாய் சென்றால் பிள்ளைகளைக் காப்பார் இல்லை. இடம் கிடைக்காதவரோ தமக்கு வாழ்வில்லை என்றே எண்ணினர். சானடோரியத்தில் கிடைக்கும் காற்றும் உணவும் ஓய்வும் இல்லாமல் இந்நோய் தீராது என்பதே அன்றைய மருத்துவக் கொள்கை. அக்கொள்கை உண்மையானால் ஏழை நாடுகளின் மக்களுக்கு மீட்சியில்லை.

3. சென்னையில் நடைபெற்ற ஆய்வு

1952இல் ஐசோனியசிட் என்னும் மருந்து பயனுக்கு வந்தது. விலை குறைந்தது, வாய்வழியே உட்கொள்ளத்தக்கது. இதனைப் பி.ஏ.எஸ். என்னும் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் வீட்டிலேயே நோயைக் குணப்படுத்த முடியுமா என்ற வினா எழுந்தது. இதற்கு விடை காணும் பொருட்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆய்வுக் குழு ஆகிய நான்கும் இணைந்து 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. விருதுநகரில் பிறந்த காமராசர் சென்னை மாநில முதலமைச்சராயிருந்த காலம் அது. ஆய்வை நடத்த வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர். அவரோடு தேவதத்தா, இராமகிருஷ்ணன், வேலு முதலிய மருத்துவர்களும், இராதாகிருஷ்ணா என்னும் புள்ளியியலறிஞரும் பணியாற்றினர். இந்திய அரசின் காசநோய் ஆலோசகராக விளங்கிய மருத்துவர் பி. வி. பெஞ்சமின், ஆரோக்கியவரம் சானடோரியத்தில் தலைமை வகித்தவர் என்பதையும் இங்குக் குறிப்பிடுதல் தகும்.

ஆய்வின் அமைப்பு எளிது. சென்னையின் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளர் அதில் சேர்க்கப்பட்டனர். அவர்கள் யாவரும் நுரையீரல் காசநோய் உள்ளவர். சீட்டுப் போடும் முறையில் ஒரு சாரார் சானடோரியத்திற்கு அனுப்பப்பட்டனர். மறுசாரார் தத்தம் வீடுகளிலேயே இருந்தனர். இரு சாராருக்கும் அதே இரு மருந்துகளே ஓராண்டுக் காலம் அளிக்கப்பட்டன. சானடோரியத்தில் இருந்தோர்க்கு நல்ல உணவும், ஓய்வும், காற்றோட்டமான இடமும், செவிலியர் கண்காணிப்பும் கிடைத்தன. வீட்டிலிருந்தோர் நெரிசலான சிற்றறைகளில் குடும்பத்தோடு உறங்கினர். குறைந்த உணவையே உண்டனர். பலர் வேலைக்கும் சென்றனர்.

வீட்டிலிருப்பவர் மருந்தை ஒழுங்காக உட்கொள்வாரா என்பதே பெரிய ஐயமாக இருந்தது. இதனை ஆய்வாளர் நம்பிக்கையின் பேரில் விட்டுவிடவில்லை. நோயாளர் வாரந்தோறும் மையத்திற்கு வந்து மருந்து பெற்றனர். சுகாதாரப் பணியாளர் முன்னறிவிப்பின்றி வீடு சென்று மீதமுள்ள மருந்தை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து மருந்து உட்கொள்ளப்பட்டதா எனக் கண்டறிந்தனர். வராதவரைத் தேடிச் சென்று அழைத்துவந்தனர். குணமடைந்தாரா என்பதை நோயாளியின் வாய்மொழியைக் கொண்டோ மருத்துவரின் மதிப்பீட்டைக் கொண்டோ மட்டும் தீர்மானிக்கவில்லை. சளியைச் சோதனைக்கூடத்தில் வளர்த்து, அதில் கிருமி உண்டா இல்லையா என்பதை அளவுகோலாகக் கொண்டனர்.

4. கிடைத்த விடை

1959இல் முடிவுகள் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளியாயின. ஓராண்டின் இறுதியில் கிருமி நீங்கி நோய் அடங்கியிருந்தோர் வீட்டுப் பிரிவில் நூற்றுக்கு 86 பேர், சானடோரியப் பிரிவில் நூற்றுக்கு 92 பேர். இவ்வேறுபாடு சிறிது, உணவு, ஓய்வு, இடம் ஆகியவற்றில் இரு பிரிவினருக்கும் இருந்த பெரும் வேறுபாட்டோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது. சானடோரியத்தில் இருந்தோர் உடல் எடையில் மிகுதியாகத் தேறினர் என்பது உண்மையே. ஆனால் கிருமியை அழிப்பதில் அது அவர்களுக்கு முதன்மை தரவில்லை. ஐந்தாண்டுகள் தொடர்ந்து நோக்கியபோது இரு பிரிவிலும் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் நோய் அடங்கிய நிலையில் இருந்தனர்.

இன்னுமொரு அச்சம் எஞ்சியிருந்தது. நோயாளியை வீட்டில் வைத்திருந்தால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் நோய் பரவாதா? இதையும் அவர்கள் எண்ணிப் பார்த்தனர். இரு பிரிவு நோயாளரின் குடும்பத்தாரையும் ஐந்தாண்டுகள் சோதித்துவந்தனர். வீட்டுப் பிரிவினரின் குடும்பத்தாருக்கு மிகுதியான ஆபத்து நேர்ந்ததாகக் காணப்படவில்லை. குடும்பத்தில் தொற்று பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படும் முன்னரே நிகழ்ந்துவிடுகிறது. மருந்து தொடங்கியபின் அபாயம் விரைந்து குறைகிறது. ஆதலின் பிரித்துவைப்பதைவிட விரைவில் கண்டறிந்து மருந்து கொடுப்பதே குடும்பத்திற்குப் பாதுகாப்பு என்பது தெளிவாயிற்று.

இவ்விடையின் விளைவு பெரிது. 1962இல் தொடங்கிய இந்தியத் தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையையே அடித்தளமாகக் கொண்டது. உலகெங்கும் சானடோரியங்கள் படிப்படியாக மூடப்பட்டன அல்லது பொது மருத்துவமனைகளாக மாறின. வாரமிருமுறை ஒருவர் கண்ணெதிரே மருந்தளித்தாலும் நோய் தீரும் என்பதையும் சென்னை மையம் 1960களில் காட்டியது. பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்பு முறைக்கு இதுவும் ஒரு வேர். அம்மையம் 1978இல் காசநோய் ஆராய்ச்சி மையமென்றும், 2011இல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமென்றும் பெயர் பெற்றுச் சேத்துப்பட்டில் தொடர்ந்து இயங்கி வருகிறது.

நாம் கவனிக்கவேண்டியது இதுவே. ஏழையின் வீடு நோயாளிக்கு ஏற்ற இடமன்று என்று அன்பின் காரணமாகவே பலரும் நம்பினர். அவ்வன்பு ஏழைக்கு ஓராண்டுப் பிரிவைச் சுமத்தியது. படுக்கை கிடைக்காதவருக்கு நம்பிக்கையை மறுத்தது. எண்ணிப் பார்த்தபோது, ஏழையின் வீடே குணமளிக்கும் இடமாகத்தக்கது என்பது வெளிப்பட்டது. திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் மருத்துவத்தின் உறுப்புகளாக நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுபவர் ஆகிய நால்வகையைக் கூறுகிறது. இந்நான்காம் உறுப்பைச் சானடோரியத்தின் பணியாளரே நிறைவேற்ற இயலும் என்றிருந்த எண்ணத்தை, மனைவியும் தாயும் அண்டை வீட்டாரும் வாரந்தோறும் வரும் சுகாதாரப் பணியாளரும் நிறைவேற்ற இயலும் என்று இவ்வாய்வு மாற்றியமைத்தது.

5. விரும்பாத விடை

ஆய்வு எப்போதும் நாம் விரும்பும் விடையையே தரும் என்பதில்லை. காசநோயைத் தடுக்கும் பி.சி.ஜி. ஊசியின் பயன் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறாகக் காணப்பட்டமையால், அதனைப் பெரிய அளவில் சோதிக்கச் செங்கற்பட்டு மாவட்டம் தெரிந்துகொள்ளப்பட்டது. 1968 முதல் 1971 வரை அங்கு 3,66,625 பேர் பதிவு செய்யப்பட்டு, 2,81,161 பேருக்குச் சீட்டுப் போடும் முறையில் பி.சி.ஜி.யோ மருந்தற்ற ஊசியோ போடப்பட்டது. வீடு வீடாகச் சென்று ஊசியிட்ட பணியாளரும், கைநீட்டிய கிராம மக்களும் நற்செய்தியையே எதிர்பார்த்திருப்பர். 1979இல் வெளியான முதல் அறிக்கையோ, முதியோர்க்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் அவ்வூசி பயன் தரவில்லை எனக் கூறியது. பதினைந்தாண்டுகள் தொடர்ந்து நோக்கிய பின்னரும் அதே முடிவு நின்றது.

அரசும் அறிஞரும் பல்லாண்டு முயன்று, பெரும்பொருள் செலவிட்டுச் செய்த பணியின் முடிவு இது. அதனை மறைத்துவிட எத்தனையோ காரணங்கள் இருந்திருக்கும். மறைக்கவில்லை. இதன் பயனாக, குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடிய காசநோய் வகைகளிலிருந்து காப்பதற்காகப் பி.சி.ஜி. பிறந்த குழந்தைகளுக்குத் தொடர்ந்து அளிக்கப்படுகிறது. முதியோரின் நோயைக் கட்டுப்படுத்தக் கண்டறிதலும் சிகிச்சையுமே வழி என்பதும் உறுதியாயிற்று. சுகமானோரின் சாட்சியை மட்டும் மேடையேற்றப் பழகிய நமக்கு, வெற்றியடையாததையும் அச்சேற்றிய இவ்வறிக்கை சிந்தனைக்குரியது.

இங்கு ஒரு நீதி வினாவையும் எழுப்பவேண்டும். ஆய்வுக்குத் தம் உடலைத் தந்தோர் பெரும்பாலும் ஏழைகள். 1948ஆம் ஆண்டின் ஆங்கில ஆய்வில் மருந்து பெறாத பிரிவினருக்குத் தாம் ஓர் ஆய்வில் இருப்பதே தெரிவிக்கப்படவில்லை. நோயாளியின் அறிந்த சம்மதம் வேண்டும் என்னும் கொள்கை உலக மருத்துவர் சங்கத்தின் 1964ஆம் ஆண்டு ஹெல்சிங்கி அறிக்கையில் வலியுறுத்தப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980இல் தன் நெறிமுறை அறிக்கையை வெளியிட்டது. பலரது நன்மைக்காகச் சிலரை அவர்களறியாமல் பயன்படுத்துதல் தகாது. மனிதன் தேவசாயலாகப் படைக்கப்பட்டவன் எனப் போதிக்கும் நாம் இதில் மௌனமாயிருத்தல் ஆகாது.

6. உணவு பற்றிய மறுவினா

1950களின் ஆய்வைத் தவறாக விளங்கிக்கொண்டவர் உண்டு. மருந்திருந்தால் போதும், உணவு வேண்டாம் என்று சிலர் எண்ணினர். ஆய்வு அவ்வாறு கூறவில்லை. நோயாளியின் சளியிலுள்ள கிருமி மருந்தினால் அழிவதற்குச் சானடோரிய உணவு இன்றியமையாததா என்பதே அங்குக் கேட்கப்பட்ட வினா. அவ்வினாவுக்கு மட்டுமே அது விடையளித்தது. பசியால் மெலிந்த குடும்பத்தில் புதிதாக நோய் வருவதை உணவு தடுக்குமா என்பது வேறு வினா. அதற்கு விடை பல்லாண்டுகள் கழித்தே வந்தது.

2019 முதல் 2022 வரை, சென்னை நிறுவனத்தின் பங்களிப்போடு ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் ஓர் ஆய்வு நடைபெற்றது. 2,800 நோயாளரும், அவர்கள் வீடுகளில் வாழ்ந்த 10,345 பேரும் அதில் அடங்குவர். நோயாளர் அனைவருக்கும் உணவுப் பொருள் வழங்கப்பட்டது. ஒரு பிரிவில் வீட்டார்க்கும் மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரைகளும் வழங்கப்பட்டன. 2023இல் முடிவு வெளியாயிற்று. வீட்டார்க்கும் உணவு கிடைத்த பிரிவில் புதிய காசநோய் நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. தொற்றும் தன்மையுள்ள நுரையீரல் நோய் நூற்றுக்கு 48 பங்கு குறைந்தது. சிகிச்சையின் தொடக்கத்திலேயே எடை கூடிய நோயாளரிடையே இறப்பு குறைந்திருந்ததும் காணப்பட்டது.

அரிசியும் பருப்பும் ஒரு தடுப்பூசியைப் போலப் பயன்பட்டன என்று கூறினால் மிகையாகாது. சானடோரியத்தைக் கட்டிய மிஷனெரிகள் உணவின் இன்றியமையாமையை உணர்ந்தது வீண்போகவில்லை. அவர்கள் அதனை நோயாளியின் படுக்கையருகே வைத்தனர். அது நோயாளியின் வீட்டுப் பானையிலும் இருக்கவேண்டும் என்பதைப் பின்வந்த ஆய்வு கற்பித்தது.

7. இறையியல் நோக்கு

இவ்வரலாற்றைக் கேட்கும் விசுவாசிகள் சிலர், தேவன் சுகமளிக்கிறார் என நம்புவோர் ஏன் எண்ணிக்கொண்டிருக்கவேண்டும் என வினவலாம். நல்ல சமாரியனின் உவமை இதற்கு உதவும். காயம்பட்டவனுக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டியதோடு சமாரியனின் பணி முடியவில்லை. சத்திரத்தில் சேர்த்துப் பராமரித்தான். மறுநாள் செலவுக்குப் பணம் கொடுத்தான். தான் திரும்பி வரும்போது மிகுதியான செலவையும் தருவதாக வாக்களித்தான். திரும்பி வருவேன் என்னும் அச்சொல்லில் பின்விளைவை அறியும் பொறுப்பு அடங்கியுள்ளது. அவன் பிழைத்தானா என்று பார்க்க வருபவனே முழுமையாக அயலான் ஆகிறான். ஐந்தாண்டுகள் சென்னையின் சந்துகளில் வீடு வீடாகச் சென்று, பழைய நோயாளரின் சளியைக் கேட்டு வாங்கிய பணியாளர்களின் ஊழியத்தை இவ்வுவமையின் ஒளியில் நாம் காணலாம்.

எண்ணுதல் அன்பைக் குளிரச்செய்யும் என்னும் அச்சம் ஆதாரமற்றதன்று. நோயாளி வெறும் எண்ணாகிவிடும் ஆபத்து ஒவ்வொரு பெரிய நிறுவனத்திலும் உண்டு. ஆயினும் எண்ணாமையிலும் ஓர் ஆபத்துண்டு. எண்ணாதபோது, காணாமற்போனவர் காணாமற்போனதே தெரிவதில்லை. நூறு ஆடுகளில் ஒன்று குறைந்ததை மேய்ப்பன் அறிந்தது, அவன் அவற்றை எண்ணியதால்தானே! மருந்தை நடுவே நிறுத்தியவர், வேலை தேடி ஊர்விட்டுப் போனவர், வெட்கத்தால் மறைந்தவர் ஆகியோரே அந்த ஒற்றை ஆடு.

மேலும், தன் நம்பிக்கைக்குரிய முறையைச் சோதனைக்கு உட்படுத்துதல் ஒருவகைத் தாழ்மையாகும். சானடோரியத்தை உயிருக்குயிராய் நேசித்த தலைமுறையினர், அதன் அடிப்படைக் கொள்கையே ஆராயப்படுவதைக் கண்டனர். திருச்சபையின் நிறுவனங்கள் பல இன்று இத்தகைய நிலையில் உள்ளன. நாம் நடத்தும் பள்ளி, விடுதி, மருத்துவமனை, சுகமளிக்கும் கூட்டம் ஆகியவை அவற்றின் நோக்கத்தை இன்னும் நிறைவேற்றுகின்றனவா என்று கேட்பது அவிசுவாசமன்று. நிறுவனம் கருவி, அயலானின் நலமே நோக்கம். நோக்கத்திற்கு வேறு வழி சிறந்ததெனத் தெளிவானால், கருவியை விட்டுவிடும் சுதந்தரம் கிருபையால் வாழ்வோர்க்கு உண்டு.

8. ஆயர்களுக்குச் சில குறிப்புகள்

உலகில் காசநோயுறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். சாதாரணக் காசநோய்க்கு இன்று ஆறு மாதச் சிகிச்சை போதும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் அது இலவசம். 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின்படி, நோய் கண்டறியப்பட்டவுடன் உடல் எடைக்குறைவு, கால்வீக்கம், மூச்சுவேகம், உயிர்வளி அளவு, துணையின்றி நிற்க இயலாமை ஆகியவற்றைப் பார்த்து, கடுமையாக நலிந்தோரை மட்டும் மருத்துவமனையில் சேர்க்கின்றனர். எவர்க்கு வீடு போதும், எவர்க்குப் படுக்கை வேண்டும் என்பதை ஆய்வே பிரித்துக் காட்டியுள்ளது. சென்னையில் எழுந்த பழைய வினா இவ்வாறு நுட்பமடைந்துள்ளது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலோ, இராஜபாளையத்து நூற்பாலைத் தொழிலாளர் குடியிருப்பிலோ, வேறெந்தச் சபையிலோ ஊழியஞ்செய்யும் ஆயர் செய்யத்தக்கவை சிலவுண்டு. இரு வாரத்திற்கு மேல் இருமலுள்ளவரை வீடு சந்திக்கையில் அறிந்து, சளிப் பரிசோதனைக்கு அனுப்புதல் முதலாவது. குடும்பத்தில் தொற்று பெரும்பாலும் நோய் அறியப்படும் முன்னரே நிகழ்வதால், இவ்வொரு செயல் பிள்ளைகளைக் காக்கும். ஜெபித்தபின் மருந்தை நிறுத்திவிடுமாறு கூறும் போதனையை வெளிப்படையாகக் கண்டித்தல் இரண்டாவது. ஒருசில வாரங்களில் இருமல் நின்று பசி திரும்புவதால் நோயாளி குணமடைந்ததாக நம்பிவிடுகிறார்; கிருமியோ மீந்திருக்கிறது. 1948ஆம் ஆண்டு ஆய்வின் ஐந்தாண்டுக் கணக்கு இவ்விடத்தில் நமக்கு எச்சரிக்கையாகும். ஆறாம் மாத இறுதியில் சோதனை முடிவைக் கையிலேந்தி வந்து ஆலயத்தில் ஸ்தோத்திரம் செலுத்தும்படி நோயாளிக்குக் கற்பிக்கலாம்.

மூன்றாவது உணவு. நோயாளருக்கு அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கிவந்து, 2024 நவம்பர் முதல் அதனை 1,000 ரூபாயாக உயர்த்தியது. இத்தொகை நோயாளியின் கணக்கில் வந்து சேர்கிறதா எனக் கேட்டறிந்து உதவலாம். சபையின் அறுப்புப் பண்டிகையில் சேரும் அரிசியும் பருப்பும் ஏலம் போவதற்கு முன் ஒரு பங்கு இத்தகைய வீடுகளுக்குச் செல்லுமானால், அது ஆய்வினால் உறுதிப்பட்ட நற்செயலாகும். நோயாளிக்கு மட்டுமன்றி அவரது வீட்டார் அனைவருக்கும் அது செல்லவேண்டும். நான்காவது திருவிருந்து மேசை. மருந்து உட்கொண்டுவரும் நோயாளியை அச்சத்தால் ஒதுக்கும் வழக்கம் எங்கேனும் இருப்பின், வீட்டாரோடு ஒரே அறையில் உறங்கிய நோயாளரின் குடும்பங்களை ஐந்தாண்டுகள் நோக்கிக் கண்ட உண்மையைச் சபையாருக்கு எடுத்துரைக்கவேண்டும்.

இறையியல் மாணவருக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் சபைக்குச் செல்லும்போது உங்களிடம் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். நீங்கள் யாருக்காக ஜெபித்தீர்களோ அவர்கள் பெயரை அதில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து, ஓராண்டு கழித்து, அவர்கள் வீட்டு வாசலில் மீண்டும் நில்லுங்கள். சுகமடைந்தோரோடு மகிழுங்கள். சுகமடையாதோரின் பெயரையும் அடித்துவிடாமல் அதே ஏட்டில் வைத்துக்கொண்டு, அவர்களுக்கு இன்னும் என்ன செய்யலாகும் என்று மருத்துவரிடமும் ஆண்டவரிடமும் கேளுங்கள்.